எலி சொன்னதும் பன்றி சொன்னதும்: இதயத் தமனியின் மறுஅடைப்பைத் தடுக்க நடந்த விலங்காய்வுகள்

"ஸ்டென்ட் வெச்சாச்சு. இனிமே அடைப்பு வராதுதானே, டாக்டர்?"

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து நோயாளியை வார்டுக்குக் கொண்டுவந்ததும் வீட்டார் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான். 1980களில் இதற்குப் பதில் சொல்வது மருத்துவருக்கு எளிதாக இருந்ததில்லை. பலூனால் விரித்த தமனிகளில் நூற்றுக்கு முப்பது நாற்பது, ஆறு மாதத்துக்குள் அதே இடத்தில் மறுபடி குறுகிவிடும். நெஞ்சுவலி திரும்பும், நோயாளியும் திரும்பி வருவார். தமனியைத் தாங்கி நிற்கும் உலோகச் சட்டத்தின் மேல் மருந்து பூசிய இன்றைய ஸ்டென்ட்களில் முதல் ஆண்டுக்குள் இப்படித் திரும்புகிறவர்கள் பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு.

இந்த விகிதம் இவ்வளவு இறங்கியதற்குப் பின்னால் எலி, முயல், பன்றி ஆகியவற்றின் தமனிகளில் நடந்த பல்லாயிரம் பரிசோதனைகள் இருக்கின்றன. அவற்றில் பல மனிதருக்குப் பயன்படாமல் போயின. எலியைக் காப்பாற்றிய மருந்து மனிதரிடம் தோற்றது. பன்றியிடம் மூன்று மாதத்தில் மறைந்துபோன பலன் மனிதரிடம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1990களில் விலங்காய்வின் மீதே நம்பிக்கை இழந்தவர்கள் பலர். அந்த ஆய்வுகளை இன்று வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. ஒவ்வொரு விலங்கும் தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை வேறொரு கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டபோதுதான் நாம் சறுக்கினோம்.

சிகிச்சையே காயம்

1977 செப்டம்பர் 16ஆம் நாள் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், விழித்திருந்த 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் பலூனைச் செலுத்தி அடைப்பை விரித்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாய்களின் இதயத் தமனிகளில் நூலால் கட்டிச் செயற்கையாக அடைப்பை உண்டாக்கி, அதைத் தன் பலூனால் திறந்து காட்டியிருந்தார். தமனியை உடையாமல் விரிக்க முடியுமா என்பது அன்றைய கேள்வி. முடியும் என்றது நாய். விரித்த தமனி ஆறு மாதம் கழித்து என்னவாகும் என்று அந்த நாய்களிடம் யாரும் கேட்கவில்லை. முதல் நோயாளிக்கு நல்ல காலம்: பத்தாண்டுக்குப் பிறகு பார்த்தபோதும் அவருடைய தமனி திறந்தே இருந்தது. அவருக்குப் பின் வந்த பலருக்கு அப்படி அமையவில்லை.

ஏன் என்பதற்குத் தமனியின் சுவரைப் பார்க்க வேண்டும். ரத்தம் படுகிற பக்கத்தில் எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் விரிப்பு. நடுவில் மென்தசைச் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். வெளியே இணைப்புத் திசு. உள் அடுக்கையும் நடு அடுக்கையும் பிரிப்பது மீள்தகடு என்று சொல்லத்தக்க ஓர் இழுபடும் படலம். பலூன் பல மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் உப்பும்போது கொழுப்புத் திட்டு விரிசல் விடுகிறது, எண்டோதீலியம் உரிகிறது, பல இடங்களில் மீள்தகடும் கிழிகிறது. அடைப்பு நீங்குவதே இப்படி ஒரு காயத்தால்தான். உடல் அந்தக் காயத்தை ஆற்ற முற்படும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. விரிந்த சுவர் சில மணி நேரத்துக்குள் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது. வாரங்கள், மாதங்கள் செல்லச் செல்லத் தமனி முழுவதுமே வெளியிலிருந்து சுருங்குகிறது. அதே காலத்தில் மென்தசைச் செல்கள் பெருகி உள்நோக்கி ஊர்ந்து, தழும்பைப் போன்ற புதிய திசுவை உட்புறம் வளர்க்கின்றன. இந்தத் திசுவுக்குப் புது உட்படலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த மூன்றில் எதைத் தடுத்தால் தமனி திறந்திருக்கும்? இருபதாண்டு விலங்காய்வின் வெற்றி தோல்விகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தன.

எலியின் கழுத்துத் தமனி

முதலில் ஆய்வாளர்கள் நாடியது எலியை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அலெக்சாண்டர் கிளோஸ், மைக்கேல் ரீடி, ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திய முறை பின்னாளில் உலகமெங்கும் பரவியது. நானூறு கிராமுக்கும் குறைவான எலியை மயக்கி, கழுத்தைத் திறந்து, வெளிக் கழுத்துத் தமனியில் சிறு துளையிட்டு ஃபோகார்ட்டி பலூன் குழாயை உள்ளே விடுவார்கள். கால் தமனிகளில் உறைகட்டியை இழுத்தெடுக்கச் செய்யப்பட்ட கருவி அது. இதற்குப் பயன்படுவது அதில் மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரைவிடவும் மெல்லியது. பலூனை உப்பவைத்து, லேசாகத் திருகியபடி மூன்று முறை இழுத்தால் எண்டோதீலியம் முழுதும் உரிந்துவிடும். பின்னர் எலியைக் கொல்லுமுன் ரத்தத்தில் ஈவான்ஸ் புளூ சாயத்தைச் செலுத்துவார்கள். எண்டோதீலியம் மூடியிருக்கும் இடம் வெண்மையாகவே இருக்கும், உரிந்த இடம் நீலமாகும். காயத்தின் எல்லையைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

அந்த எலித் தமனி ஒரு கடிகாரம்போல நடந்துகொண்டது. முதல் இரண்டு நாளில் நடு அடுக்கின் செல்கள் பிரியத் தொடங்கும். நான்காம் நாள் வாக்கில் மீள்தகட்டின் துளைகள் வழியே உள்ளே ஊர்ந்து வரும். இரண்டு வாரத்தில் புது உட்படலத்தின் செல் எண்ணிக்கை உச்சத்தை எட்டிவிடும். அதன் பிறகு வளர்வது பெரும்பாலும் செல்களுக்கு இடையிலான நார்ப்பொருள். மென்தசைச் செல் எப்படிப் பெருகுகிறது, எந்த வளர்ச்சிக் காரணி அதை எழுப்புகிறது என்பவற்றில் நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி இந்த எலியிடமிருந்து வந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து அந்தப் பெருக்கத்தை அடக்கும் என்று கிளோஸும் மோரிஸ் கர்னோவ்ஸ்கியும் 1977இலேயே காட்டியிருந்தார்கள்.

செலவு குறைவு, இரண்டு வாரத்தில் விடை, எந்த எலியை எடுத்தாலும் ஒரே அளவு காயம். மருந்துகளைச் சோதிக்க இதைவிட வசதியான களம் வேறில்லை என்று நினைத்ததில் வியப்பில்லை. கால்சியம் தடுப்பிகள், ஸ்டீராய்டுகள், மீன் எண்ணெய், ஹார்மோன் போலிகள் என்று மருந்து மருந்தாக எலிக்குள் போயின. பலவும் வேலை செய்தன.

எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை

இவற்றில் மிகப் பெரிய நம்பிக்கையை ஊட்டியது சிலாசாப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து. 1989இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில் அது எலித் தமனியின் புது உட்படலத்தை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைத்திருந்தது. ஏற்கெனவே மனிதருக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்த மாத்திரை. ஐரோப்பாவில் ஏறத்தாழ 700 நோயாளிகளிடம் மெர்க்கேட்டர் ஆய்வும், வட அமெரிக்காவில் 1,436 நோயாளிகளிடம் மார்க்கேட்டர் ஆய்வும் நடந்தன. இரண்டிலும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

ஹெப்பாரினும் அதன் வகைகளும் மனிதரிடம் தோற்றன. ஸ்டீராய்டு தோற்றது. ஒவ்வாமைக்குப் பயன்பட்ட ட்ரானிலாஸ்ட் மருந்தை விலங்குகள் தந்த உற்சாகத்தின் பேரில் 11,484 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரெஸ்டோ ஆய்வு 2002இல் வெறுங்கையோடு முடிந்தது. மென்தசைச் செல் பிரியத் தேவையான மரபணுவின் வாயை அடைக்கும் எதிர்மரபுத் துண்டுகள் 1992இல் எலித் தமனியில் அழகாக வேலை செய்தன. அதே வழியில் ரோட்டர்டாமில் ஸ்டென்ட் வைத்த நோயாளிகளிடம் நடந்த இத்தாலிக்ஸ் ஆய்வில் பலன் தெரியவில்லை.

ஏன் இத்தனை தோல்வி? சிலாசாப்ரில் கதையே பெரும்பாலான காரணங்களைக் காட்டித் தருகிறது. எலிக்குக் கொடுத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். மெர்க்கேட்டரில் மனிதருக்குக் கொடுத்தது 5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை; 70 கிலோ எடையுள்ளவருக்கு அது எலியின் அளவில் எழுபதில் ஒரு பங்கு. விலங்குகளின் வளர்சிதை வேகம் வேறு என்பதால் இதை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் இடைவெளி மிகப் பெரியது. ரத்த அழுத்தம் அபாயமாக இறங்காமல் மனிதருக்கு அந்த அளவைக் கொடுக்கவே முடியாது. எலிக்கு மருந்து பல நேரங்களில் காயம் ஏற்படுத்துவதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

அடுத்த காரணம் தமனி. இளம் எலியின் கழுத்துத் தமனியில் கொழுப்புத் திட்டு இல்லை, சுண்ணாம்புப் படிவு இல்லை. பலூன் அங்கே எண்டோதீலியத்தை உரிக்கிறது. சுவரை ஆழமாகக் கிழிப்பதில்லை. ரத்தக் கட்டியும் அதிகம் படிவதில்லை. அறுபது வயது மனிதரின் தமனியில் பலூன் கிழிக்கும் காயம் இதைவிட ஆழமானது, ரத்தக் கட்டி நிறைந்தது. இன்னொன்று, எலியின் புது உட்படலம் எவ்வளவு தடித்தாலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குழாயைக் குறுக்குவது அரிது. "மென்தசைச் செல்லின் பெருக்கத்தை இந்த மருந்து அடக்குமா?" என்ற கேள்விக்கு எலி ஆம் என்றது. "இது நோயாளியின் தமனியைத் திறந்து வைக்குமா?" என்ற கேள்வியை எலியிடம் கேட்டிருக்கவே கூடாது.

பன்றியின் இதயம்

மினசோட்டாவின் மேயோ கிளினிக்கில் ராபர்ட் ஷ்வார்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1990இல் பன்றியின் இதயத் தமனிக்கு வந்தார்கள். பன்றியின் இதயம் அளவிலும் அமைப்பிலும் மனித இதயத்துக்கு நெருக்கமானது. மனிதருக்குப் பயன்படுகிற அதே குழாய், அதே பலூன், அதே எக்ஸ்ரே திரை பன்றிக்கும் பொருந்தும். அவர்கள் தமனியின் அளவைவிடப் பெரிய பலூனில் உலோகச் சுருளை ஏற்றி, வேண்டுமென்றே மிகையாக விரித்துவிட்டு 28 நாள் காத்திருந்தார்கள். வளர்ந்த திசு மனிதருடைய மறுஅடைப்புத் திசுவைப் போலவே இருந்தது.

அந்தத் திசுவைப் பார்க்கும் முறையை விவரித்தால்தான் இந்த ஆய்வின் கண்டிப்பு புரியும். உலோகம் உள்ளே இருக்கும் தமனியைச் சாதாரணத் திசு போல மெழுகில் பதித்து வெட்டினால் கத்தி உலோகத்தில் பட்டுத் திசு கிழிந்துவிடும். அதனால் அதைக் கண்ணாடிபோல் இறுகும் பிளாஸ்டிக் பிசினில் பதித்து, கடினமான கத்தியால் அல்லது ரம்பத்தால் ஸ்டென்ட்டோடு சேர்த்து அறுத்து, தேய்த்து மெலிதாக்குவார்கள். பிறகு மீள்நாரைக் கருப்பாக்கும் சாயம் ஏற்றுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டத்தைச் சுற்றிக் கம்பிகளின் குறுக்குவெட்டுகள் தெரியும். அவற்றுக்குக் கீழே மீள்தகடு கருங்கோடாக அலையலையாக ஓடும். ஒவ்வொரு கம்பியாக நின்று பார்க்க வேண்டும். கோடு அறாமல் இருந்தால் மதிப்பெண் 0. உள் மீள்தகடு அறுந்திருந்தால் 1. கம்பி நடு அடுக்கைக் கிழித்திருந்தால் 2. வெளி மீள்தகட்டையும் தாண்டிப் போயிருந்தால் 3. பிறகு அந்தக் கம்பியின் மேல் வளர்ந்த புது உட்படலத்தின் தடிமனை அளப்பார்கள்.

1992இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எளிமையானது: காயம் ஆழமாக ஆழமாகத் திசுவும் அதே விகிதத்தில் தடிக்கிறது. இந்த உறவு நிலைநாட்டப்பட்ட பிறகு விலங்காய்வின் நேர்மைக்கே ஒரு புதிய அளவுகோல் கிடைத்தது. மருந்து கொடுத்த பன்றிகளில் திசு மெலிதாக இருந்தால் மட்டும் போதாது. காயத்தின் ஆழம் இரு குழுவிலும் ஒன்றுதானா என்றும் காட்ட வேண்டும். காயம் குறைவாக இருந்ததால் திசு குறைந்திருந்தால் அது மருந்தின் பெருமையாகாது.

பன்றிக்கும் குறைகள் உண்டு. பண்ணைப் பன்றி வேகமாக வளரும், சில மாதத்தில் இதயமும் தமனியும் பெரிதாகிவிடும். ஆகவே நீண்டநாள் ஆய்வுக்கு யுகட்டான் குறும்பன்றி போன்ற சிறிய இனங்கள் தேவைப்பட்டன. இளம் பன்றியின் தமனியும் கொழுப்புத் திட்டு இல்லாததே. கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்த முயல்களும், பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிகுந்த பன்றி, முயல் இனங்களும் அந்தக் குறையை ஓரளவு நிரப்பின.

கேள்வியை மாற்றிய ஸ்டென்ட்

இதற்கிடையே இன்னொரு அடிப்படைப் பிழை வெளிவந்தது. அதுவரை அனைவரும் மறுஅடைப்பு என்றாலே உள்ளே வளரும் திசு என்று நினைத்திருந்தார்கள். 1994இல் முயல்களிலும் குறும்பன்றிகளிலும் நடந்த ஆய்வுகள், பலூன் மட்டும் வைத்து விரித்த தமனியில் குழாய் குறுகுவதற்குப் பெரிய காரணம் சுவர் முழுதும் வெளியிலிருந்து சுருங்குவதே என்று காட்டின. தமனிக்குள்ளிருந்தே ஒலி அலைப் படம் எடுக்கும் கருவியால் கேரி மின்ட்ஸும் அவருடன் இருந்தவர்களும் மனிதரிடம் அளந்து 1996இல் அதை உறுதி செய்தார்கள்: குழாய் இழந்த பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு சுவரின் சுருக்கத்தால் ஆனது.

இதை உணர்ந்த பிறகு பழைய தோல்விகளைத் திரும்பப் பார்த்தால் அவை வேறாகத் தெரிகின்றன. எலியில் வென்ற மருந்துகள் செல் பெருக்கத்தை அடக்கின. நோயாளியின் தமனி பெரும்பாலும் சுருக்கத்தால் குறுகிக்கொண்டிருந்தது. மருந்து வேறொரு நோய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

சுருக்கத்துக்கான விடை உலோகத்தில் வந்தது. நாயின் கால் தமனியில் உலோகச் சுருளை வைத்து அது திறந்திருப்பதைச் சார்லஸ் டாட்டர் 1969இலேயே காட்டியிருந்தார். 1986இல் ஜாக் புவெல், உல்ரிக் சிக்வார்ட் ஆகியோர் மனித இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஹூலியோ பால்மாஸும் ரிச்சர்ட் ஷாட்ஸும் நாய்களில் சோதித்து உருவாக்கிய ஸ்டென்ட் 1994இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் தன்னை நிரூபித்தது. பெனஸ்டென்ட் ஆய்வில் மறுஅடைப்பு 32இலிருந்து 22 விழுக்காடாகவும், ஸ்ட்ரெஸ் ஆய்வில் 42இலிருந்து 32 விழுக்காடாகவும் இறங்கியது. உலோகச் சட்டம் சுவரைத் தாங்கி நின்றதால் சுருங்க வழியில்லை. மிஞ்சிய எதிரி ஒன்றுதான்: கம்பிகளுக்கு மேல் வளரும் திசு.

இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தத் திருப்பத்தை. விலங்கு ஆய்வு மனித நோயைப் போல் ஆகவில்லை. ஸ்டென்ட் வந்த பிறகு மனித நோய்தான் விலங்கு ஆய்வைப் போல் ஆனது. பன்றித் தமனியில் உலோகத்தைச் சுற்றி வளர்ந்த திசுவே நோயாளியின் தமனியிலும் வளரத் தொடங்கியது. கேள்வியும் களமும் முதல்முறையாகப் பொருந்தின.

கதிர்வீச்சு தந்த எச்சரிக்கை

அந்தத் திசுவை அடக்க முதலில் வந்தது கதிர்வீச்சு. பெருகும் செல்லை அது கொல்லும் என்பது புற்றுநோய் மருத்துவத்தில் தெரிந்த பாடம். அட்லாண்டாவில் ரான் வாக்ஸ்மனும் நியூயார்க்கில் வேறொரு குழுவும் 1990களின் நடுவில் பன்றித் தமனிக்குள் கதிரியக்கப் பொருளைச் சில நிமிடம் வைத்து எடுத்தார்கள், திசு வளர்ச்சி நன்றாகக் குறைந்தது. 1997இல் மனிதரிடம் நடந்த ஸ்கிரிப்ஸ் ஆய்வில் மறுஅடைப்பு 54இலிருந்து 17 விழுக்காடாகச் சரிந்தது.

பிறகு பிரச்சினைகள் தலைகாட்டின. கதிர்வீச்சு போதுமான அளவு எட்டாத ஓரங்களில் தமனி குறுகியது. படத்தில் இரு முனையும் முறுக்கிய மிட்டாய்த் தாளைப் போல் இருந்ததால் மருத்துவர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். மாதங்கள் கழித்துச் சிலருக்குத் திடீரென ரத்தம் உறைந்து தமனி முழுதாக அடைத்துக்கொண்டது. எண்டோதீலியம் மூடாத இடத்தில் உறைகட்டி உருவாகிறது. திசுவை வளரவிடாமல் தடுக்கும் எதுவும் காயத்தை ஆறவிடாமலும் தடுக்கும் என்ற எச்சரிக்கை அன்றே கிடைத்திருந்தது. அதை முழுதாக உள்வாங்க இன்னும் பத்தாண்டு ஆனது.

ஈஸ்டர் தீவின் மண்

1964இல் கனடாவின் ஆய்வுக் குழுவொன்று பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவிலிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. மான்ட்ரியாலில் சுரேன் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். தீவின் மக்கள் தம் தீவை அழைக்கும் ராப்பா நூயி என்ற பெயரால் அதற்கு ராப்பாமைசின் என்று பெயர். உறுப்பு மாற்றம் செய்தவர்களின் எதிர்ப்புச் சக்தியை அடக்க அது பயன்பட்டது. அங்கே அதற்குச் சிரோலிமஸ் என்று பெயர்.

அந்த மருந்து மென்தசைச் செல்லின் பிரிவைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது, ஊர்வதையும் தடுக்கிறது என்று 1990களின் நடுவில் ஆண்ட்ரூ மார்க்ஸின் நியூயார்க் குழு செல் வளர்ப்பில் காட்டியது. அடுத்த படி பன்றி. 1999இல் வெளியான ஆய்வில் பலூன் காயம் பட்ட பன்றிகளின் தமனி, மருந்தில்லாதவற்றில் 63 விழுக்காடும் மருந்து ஊசி போட்டவற்றில் 36 விழுக்காடும் குறுகியிருந்தது. ஆனால் உடல் முழுதும் இந்த மருந்தைச் செலுத்துவது எதிர்ப்புச் சக்தியை அடக்குவதாகும். ஆகவே மருந்தைப் பாலிமரில் கலந்து ஸ்டென்ட்டின் மேல் பூசினார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 140 மைக்ரோகிராம். முழு ஸ்டென்ட்டிலும் சேர்த்து ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாத அளவு. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் ஒரு நாளில் விழுங்குவது 2 மில்லிகிராம். சிலாசாப்ரிலைத் தோற்கடித்த அளவுப் பிரச்சினை இங்கே வேரோடு தீர்ந்தது. மருந்து காயத்தின் மேலேயே உட்கார்ந்திருந்ததால் பன்றிக்குக் கிடைத்த செறிவு மனிதருக்கும் கிடைத்தது.

28 நாளில் பன்றியின் தமனியில் திசு பாதியாகக் குறைந்தது. 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் எட்வார்டோ சூசா முதல் நோயாளிக்கு அந்த ஸ்டென்ட்டை வைத்தார். 2002இல் வெளியான ராவெல் ஆய்வில் 238 நோயாளிகள். ஆறு மாதத்தில் வெறும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு மறுஅடைப்பு. மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பின்னர் வெளியான பன்றி ஆய்வுகளில், 90ஆம் நாளும் 180ஆம் நாளும் பார்த்தபோது மருந்து ஸ்டென்ட்டின் பலன் மறைந்திருந்தது. திசு வெறும் ஸ்டென்ட்டில் வளர்ந்ததோடு சமமாகிவிட்டது. முயலில் பாக்லிடாக்சல் என்ற வேறொரு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கும் அதே கதை. அந்த முடிவுகளை மட்டும் நம்பியிருந்தால் மருந்து ஸ்டென்ட்டே கைவிடப்பட்டிருக்கும். மனிதரிடம் பலன் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பன்றியின் காயம் மனிதருடையதைவிடப் பல மடங்கு வேகமாக ஆறுகிறது. அதன் 28 நாள் ஏறத்தாழ நம்முடைய ஆறு மாதம். விலங்கின் கடிகாரத்தை நம் கடிகாரமாகப் படித்தால் நம்பிக்கையிலும் தவறலாம், அவநம்பிக்கையிலும் தவறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

ஆறாத காயம்

2006இல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் திடீரென ரத்தம் உறையும் அபாயம் பற்றிய கவலை வெடித்தது. மேரிலாந்தில் ரேணு வீர்மானியின் ஆய்வுக்கூடம் இறந்தவர்களின் தமனிகளை வெட்டிப் பார்த்தபோது கம்பிகள் எண்டோதீலியம் மூடாமல் வெறுமையாக, ஃபைப்ரின் என்ற உறைகட்டி நார் படிந்து நின்றன. முயலில் பாக்லிடாக்சல் ஸ்டென்ட்டை ஆய்ந்தவர்கள் 2001இலேயே இந்த ஆறாத நிலையை எழுதியிருந்தார்கள். ஆனால் அன்று எல்லோருடைய கண்ணும் திசுவின் தடிமனில் இருந்தது.

அதன்பின் ஆய்வின் கேள்வி மாறியது: திசு எவ்வளவு குறைந்தது என்பதோடு, காயம் எவ்வளவு ஆறியது? இதற்குப் பன்றியைவிட முயலின் இடுப்புத் தமனி பொருத்தமாக அமைந்தது. வீர்மானியின் குழுவினர் பல நிறுவனங்களின் ஸ்டென்ட்களை முயலில் வைத்து, 14 நாளில் எடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் கம்பிகளின் மேல் செல் படர்ந்த பரப்பை அளந்தார்கள். மெல்லிய கம்பியும் எவரோலிமஸ் மருந்தும் கொண்ட புதிய ஸ்டென்ட் முந்தையவற்றைவிட விரைவாக மூடப்பட்டது. முதல் தலைமுறையின் கம்பி 140 மைக்ரான், புதியதன் கம்பி 81 மைக்ரான். பின்னர் மனிதரிடமும் உறைகட்டி அபாயம் குறைந்தது. முயல் இங்கே சரியாகச் சொன்னது, ஏனென்றால் கேள்வி சரியாக இருந்தது.

அதே பாடத்தைத் தவறவிட்ட ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கரைந்துபோகும் ஸ்டென்ட் பன்றிகளில் சில ஆண்டில் அழகாகக் கரைந்தது. மனிதருக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் கம்பி 157 மைக்ரான் தடிமன். உறைகட்டி அதிகமானதால் 2017இல் விற்பனை நிறுத்தப்பட்டது. இதற்கு எதிர்ப்பக்கமாக, ஜெர்மனியில் புரூனோ ஷெல்லரும் உல்ரிக் ஷ்பெக்கும் பலூனின் மேலேயே பாக்லிடாக்சலைப் பூசினார்கள். ஒரு நிமிட நேரத் தொடுகையில் மருந்து தமனிச் சுவரில் ஏறாது என்பது அன்றைய பொதுக் கருத்து. 2004இல் பன்றியின் தமனி அதை மறுத்தது. 2006இல் 52 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஸ்டென்ட்டுக்குள் ஏற்பட்ட மறுஅடைப்பு திரும்புவது 43இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது.

விலங்குக்கு நாம் பட்ட கடன்

இத்தனையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில விதிகள் துலங்குகின்றன. ஒரு மருந்து செல்லில் எப்படி வேலை செய்கிறது என்று அறிய எலி போதும். ஸ்டென்ட் பாதுகாப்பானதா, திசு எவ்வளவு வளரும் என்று அறியப் பன்றி வேண்டும். காயம் ஆறுவதை அறிய முயலின் இடுப்புத் தமனி உதவும். நோயாளியின் பழைய, சுண்ணாம்பேறிய தமனியில் என்னவாகும் என்பதற்கு எந்த விலங்கும் முழு விடை தராது. கவனமான மனித ஆய்வுதான் தரும். அளவு, காலம், காயத்தின் ஆழம் ஆகியவற்றைப் பொருத்திப் பார்க்காத விலங்காய்வு எவ்வளவு அழகான படங்களைத் தந்தாலும் நோயாளிக்கு உதவாது.

இது அறிவியலின் கண்டிப்பு மட்டும் இல்லை, அறத்தின் கண்டிப்பும்கூட. வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959இல் மூன்று கடமைகளை முன்வைத்தார்கள்: முடிந்த இடத்தில் விலங்குக்குப் பதில் வேறு வழியைத் தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே பரிசோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு வழி வகுக்கிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டம், மனித ஆய்வுக்கு முன் மருந்துக்கு விலங்காய்வு கட்டாயம் என்ற பழைய நிபந்தனையை நீக்கியது. செல் வளர்ப்பும் கணினி மாதிரிகளும் வளர்வது நல்ல செய்தி. ஆனால் தமனி ஒரு காயத்தை ஆற்றும் முழு நாடகத்தையும் அவற்றால் இன்னும் நடித்துக்காட்ட முடியவில்லை. அதுவரை நடக்கும் ஒவ்வொரு விலங்காய்வும் நன்கு திட்டமிட்டதாக, எந்த விலங்குக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கலில் முடிவானதாக, அளப்பவருக்கு அது தெரியாததாக, தோல்வியையும் வெளியிடுவதாக இருக்க வேண்டும். கேள்வி தவறான ஆய்வில் இறந்த எலி வீணாகவே இறந்தது. அந்த வீணுக்கு விலங்கைக் குறை சொல்வது நியாயமாகாது.

வார்டில் காத்திருக்கும் வீட்டாரிடம் திரும்பி வருவோம். "இனிமே அடைப்பு வராதுதானே?" என்ற கேள்விக்கு இன்று மருத்துவர், "பெரும்பாலும் வராதும்மா. ஆனா ஆஸ்பிரினும் கூட எழுதியிருக்கற இன்னொரு மாத்திரையும் நாங்க சொல்ற வரைக்கும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்பார். அந்தப் "பெரும்பாலும் வராது" பன்றிகள் தந்தது. "நிறுத்தக் கூடாது" என்ற கண்டிப்பு, முயலின் தமனியிலும் இறந்தவர்களின் தமனியிலும் செல் மூடாமல் நின்ற அந்த வெற்றுக் கம்பிகள் தந்தது. மாத்திரையைக் கையில் எடுக்கும்போது இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.